சரீரத்துக்கு ஒருவர், வஸ்துவுக்கு ஒருவர்

கலியாண வீடுகளுக்கு என்னை அழைப்பவர்கள் இப்போதெல்லாம் கொஞ்சம் யோசித்துத்தான் அழைக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "ஒசியத்து எழுதியாச்சா?" என்று கேட்டுவிடுவேன். அப்போது பெண்ணின் அம்மா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு என்று என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்ப் பாயசம் கொடுப்பார்கள். பாயசத்தையும் குடித்துவிட்டு, புறப்படும்போது இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

ஒசியத்து என்றால் உயில்தான். நாஞ்சில் நாட்டில் அதற்கு அதுதான் பெயர். நான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே பிறந்தவள். நாட்டுக்கு விடுதலை கிடைத்த வருஷம் கலியாணமாகி, அந்தக் கணவாய்க் காற்றில் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் பாதிப் பேச்சு எனக்குப் புரியாது. இங்கே துண்டுக்குப் பெயர் தோர்த்து. காகிதம் கடலாசு. நிலத்தையும் வீட்டையும் வஸ்து என்பார்கள். யாராவது 'வஸ்து' என்றால் நான் ஏதோ பாத்திரத்தைக் கேட்கிறார்கள் என்று அடுக்களையில் தேடுவேன். "பாண்டிக்காரிக்கு ஒண்ணும் மனசிலாவாது" என்று என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவருக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். விடியும் முன் போனால் உச்சிக்குச் சோறுண்ண வீடு வருவார். படியேறும் முன் தோளில் கிடக்கும் தோர்த்தை எடுத்துப் படாரென்று ஓர் உதறு உதறுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் இலை போடுவேன். குளித்தாலும் போகாத மட்டிப்பழ வாசனை அவர் மேலேயே கிடக்கும். மட்டி ஒரு வாழைப்பழம், விரல் நீளம்தான் இருக்கும். வாசனை வீடு முழுக்கப் போகும். முதலில் எனக்கு அது குமட்டியது. பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

வியாபாரத்தில் துணிச்சல்காரர். ஆனால் 'ஒசியத்து' என்ற சொல்லைக் கேட்டால் போதும், முகம் கறுத்துவிடும். அவருடைய அப்பா ஒரு திங்கட்கிழமை வக்கீலை வீட்டுக்கு அழைத்து ஒசியத்து எழுதினாராம். அந்த மாதம் முடியும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை. சொல்லியே தீர வேண்டும் என்றால் 'அந்தக் கடலாசு' என்பார்கள். சொன்னதும் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார்கள்.

எங்களுக்கு ஒரே பெண். அவள் தவழ ஆரம்பித்த சமயம் என் அப்பா கணவாய் தாண்டி வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, "மாப்பிள்ளை, சுயமா சம்பாதிச்ச நெலமும் தோப்பும் இருக்கு. பிள்ளை பேருக்கு ஒரு உயில் எழுதி வச்சிருங்க. அவளுக்கு யாரு கார்டியன்னு அதுலயே எழுதிருங்க" என்றார். இவர் வாயில் இருந்த வெற்றிலையை அப்படியே துப்பிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பா ஊருக்குப் போனபிறகு என்மேல் பாய்ந்தார்.

"ஏட்டி, ஒங்கப்பா எமன விருந்துக்கு விளிக்காரா?"

"எழுதினா யாரும் சாக மாட்டாங்க. எழுதலன்னாலும் எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான்."

"சவத்தத் தள்ளு. அந்தப் பேச்ச இஞ்ச எடுக்காத கேட்டியா?"

நான் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் சாகவே மாட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. சந்தையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். திரும்ப எழுந்திருக்கவில்லை. கடைசி நாள் அவர் கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவருடைய அண்ணன். அண்ணனை நான் 'அத்தான்' என்று கூப்பிடுவேன். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர், பிள்ளை இல்லாதவர். இவர் உதடு அசைந்தது. இரண்டு பேரும் குனிந்தோம். எனக்கு 'தண்ணி' என்று கேட்டது. அத்தானுக்கு 'அண்ணன்' என்று கேட்டது. நான் பாலாடையில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டேன். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. அதோடு முடிந்தது.

ஒருவர் ஒரு தாளில் நாலு வரி எழுதாமல் போனதால், அந்த ஒற்றைச் சொல்தான் அவருடைய ஒசியத்து ஆகிவிட்டது. அதையும் இரண்டு காதுகள் இரண்டு விதமாகக் கேட்டிருந்தன.

பதினாறாம் நாள் அடியந்திரம். இழவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்த கையோடு அத்தான் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "தம்பி கடைசியா 'அண்ணன்'னு சொல்லீட்டாக்கும் கண்ண மூடினான். குட்டிய நான் வளத்துக்கிடுவேன். அவளுக்க வஸ்துவயும் நான் பாத்துக்கிடுவேன்."

"என் பிள்ளை என்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

"பிள்ள, நீ சின்ன வயசு. நாளைக்கே ஒங்கப்பா வந்து கணவாய்க்கு அங்கபுறம் கூட்டிட்டுப் போயிருவாரு. எந் தம்பிக்க ரெத்தம் இந்த மண்ணுல இல்லாம போயிரும்."

அவர் பேராசைக்காரர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் பயந்துபோயிருந்தார். ஆனால் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வருகிறவன் பயந்தவனாக இருந்தால் என்ன, பேராசைக்காரனாக இருந்தால் என்ன? எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சாம்பார் வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மறு மாதமே அவர் நாகர்கோவில் கோர்ட்டில் மனு போட்டார்.

என் அப்பா ஒரு வக்கீலைப் பிடித்தார். எப்போதும் எலுமிச்சங்காயை மோந்துகொண்டே பேசும் மெலிந்த மனிதர். அவர்தான் எனக்கு விளக்கினார். தகப்பன் எழுதி வைக்காமல் இறந்துபோனால், மைனர் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதைக் கோர்ட்டுதான் முடிவு செய்யும். அந்தப் பொறுப்பு இரண்டு வகை: பிள்ளையின் சரீரத்துக்கு ஒன்று, பிள்ளையின் வஸ்துவுக்கு ஒன்று. இரண்டும் ஒருவருக்கே கிடைக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம்.

"எனக்குச் சரீரம் போதும்" என்றேன்.

"அம்மா, கோர்ட்டுல அப்பிடிக் கேக்க முடியாது. ரெண்டையும் கேப்போம். தாறதத் தரட்டு." பிறகு எலுமிச்சங்காயை மேசையில் வைத்துவிட்டு, "குட்டிட்ட ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்கோ. ஜட்ஜி அவளக் கூப்பிட்டுக் கேப்பாரு. சொல்லிக் குடுத்த பிள்ளன்னா வாயத் தொறந்ததும் தெரிஞ்சு போவும்" என்றார்.

அதனால் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் நடந்துகொண்டிருந்ததை வெளியே சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

வீட்டில் நடந்துகொண்டிருந்தது இதுதான். அடியந்திரம் கழிந்து சில நாள் ஆகியிருக்கும். உச்சிப்பொழுது. தெருவில் ஈ காக்கை இல்லை. நான் சோற்றை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் படாரென்று தோர்த்து உதறும் சத்தம் கேட்டது. பழக்க தோஷம், கை தானாக இலையை எடுத்துப் போட்டுவிட்டது. போட்டபிறகுதான் அவர் இல்லை என்பது நினைவு வந்தது. வாசலில் யாரும் இல்லை. ஆனால் மட்டிப்பழ வாசனை வந்தது. நடையில் வந்தது, அடுக்களை வாசலில் நின்றது. வீட்டில் அப்போது ஒரு பழம்கூட இல்லை.

நான் பயந்து கத்தப்போன நேரம், பக்கத்தில் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக்கூடத் தூக்காமல், "அப்பா வந்தாச்சு" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருந்தது. அதோடு என் பயம் போயிற்று. இலையில் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். சாப்பிட யாரும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? சோறு வைத்தபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை அடங்கியது. அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். அன்று முதல் தினமும் உச்சிக்கு அவருக்கு இலை போட்டேன். சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். உயிரோடு இருந்தபோதும் சந்தையில் வேலை அதிகமாக இருந்தால் வராமல் இருந்தவர்தானே என்று விட்டுவிடுவேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் வாய்விட்டுச் சிரிக்கிறவள். ஆனால் இதைப் பேய் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சோறுண்ண வருகிற மனுஷனைப் பேய் என்று எப்படிச் சொல்வது?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கேஸ் விசாரணைக்கு வரும் முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தான் ஆள் அனுப்பினார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். புதுக்கடைப் பக்கமிருந்து குறி சொல்லுகிற ஒருத்தி வந்திருக்கிறாள், இறந்தவர்கள் அவள்மேல் வந்து பேசுவார்கள், தம்பியையே கேட்டுவிடுவோம் என்றார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசனை மட்டும் வந்து வாய் திறக்காமல் போகிற மனிதர், ஒருவேளை அங்கே வந்து பேசினால்? அந்த ஆசை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

குறிகாரி குத்துவிளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஆடினாள். அத்தான் கைகட்டி நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, தோளில் கிடந்த முண்டுத் துணியை எடுத்துப் படாரென்று உதறினாள். அந்த உதறலை வடசேரிச் சந்தையில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது. அந்த நொடியில் நான் 'வந்துவிட்டார்' என்று எழுந்தே விட்டேன்.

ஆண்குரலில் அவள் பேசினாள். "அண்ணா, எனிக்கு ஒரு கொறயும் இல்ல. எனக்க குட்டிக்கு அண்ணனாக்கும் ரட்சகர்த்தா."

அத்தான் ஓவென்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ரட்சகர்த்தா என்பது கோர்ட்டில் கார்டியனுக்குச் சொல்லும் சொல். என் வக்கீல் காட்டிய காகிதத்தில் அத்தானுடைய மனுவிலேயே அதைப் பார்த்திருந்தேன்.

"அத்தான்" என்றேன், "உசுரோட இருக்கையில 'ஒசியத்து'ன்னு சொல்லவே பயந்து வெளிய போய்த் துப்புனவர் அவரு. போன பொறவு வக்கீல் பாஷை படிச்சிட்டாரோ?"

அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். குறிகாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் அவள், "ரட்சகர்த்தான்னா யாரும்மா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. வாய மூடிட்டு நட."

ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் கோர்ட்டில் பாதி விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தெருவுக்குத் தெரு கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும், கோர்ட்டுக்குள் மலையாளமும் தமிழும் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் கேஸை விசாரித்த ஜட்ஜி மலையாளி. ஆனாலும் தமிழ் அவருக்கு வரும். கொஞ்சம் ராகம் போட்டுப் பேசுவார். பிள்ளையைத் தன் மேசைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தான்.

ஜட்ஜி சிரித்துக்கொண்டே, வழக்கத்தில் வாயில் வருகிற சொல்லிலேயே கேட்டுவிட்டார்: "மோளே, நின்றெ ரக்ஷகர்த்தா ஆரா?"

குறிகாரி 'அண்ணன்' என்று சொன்னதைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். 'பெரியப்பா' என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவளோ முக்காலியில் நேராக நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து ராகத்தில் உரக்கச் சொன்னாள்:

"எங்கள் ரட்சகர் இயேசு சுவாமி!"

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. அவள் படித்தது பக்கத்துத் தெரு மிஷன் பள்ளிக்கூடம். அங்கே காலையில் மணியடித்ததும் டீச்சர் கேட்பார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்வார்கள். அங்கே ரட்சகர் என்றால் ஒருவர்தான். அந்தப் பதில்தான் வந்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அத்தானுடைய வக்கீல் சிரிக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"கேட்டதுல்லா? தகப்பன் செத்து ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள பிள்ளைய மதம் மாத்தப் பாக்கா. இப்படிப்பட்ட தாயிட்ட ஒரு இந்துப் பிள்ளைய எப்படி விடுகது?"

ஜட்ஜி கையை அசைத்து அவரை உட்காரச் சொன்னார். "அது பள்ளிக்கூடத்துப் பாட்டாணு, வக்கீலே. எனக்க பிள்ளைகளும் வீட்டில் அதைத்தன்னே பாடும்." எனக்கு மூச்சு வந்தது. அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் சட்டச் சொல்லை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"சரி. வீட்டில் ஆரெல்லாம் உண்டு மோளே?"

"அம்மா. நான். அப்பா."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா மரிச்சுப் போயில்லே?"

"ஆமா. ஆனா மத்தியானம் சோறுண்ண வருவாவ. அம்மா எல போடுவா. அப்பா வந்தா பழம் மணக்கும்."

மேலே ஓடு விரிசலில் புறா நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது. தோர்த்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருடைய வக்கீல் இந்தத் தடவை துள்ளவில்லை. நிதானமாக எழுந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. இந்தப் பெண்ணைக் குறை சொல்ல வரவில்லை, பரிதாபம்தான், ஆனால் புருஷன் போன துக்கத்தில் சித்தம் கலங்கியிருக்கிறது, இல்லாத ஆளுக்குத் தினமும் சோறு போடுகிற வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்தால் அந்தப் பிள்ளை கதி என்ன என்று கேட்டார். ஜட்ஜி என் முகத்தைப் பார்த்தார். என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார்கள். உண்மையைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள்.

"உங்கள் பர்த்தாவு வீட்டுக்கு வருகிறாரா?"

கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். எதிரே முக்காலியில் என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இப்போது 'ஆமாம்' என்று சொல்வாள் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அது உண்மைதானா என்றும் எனக்குத் தெரியாது. என் வக்கீல் எலுமிச்சங்காயை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் மட்டிப்பழ வாசனை வந்தது. வீட்டுக்கு வெளியே அது வந்ததே இல்லை. சந்தைக்குப் போகிற யாராவது மடியில் பழம் வைத்திருக்கலாம். அன்றும் அப்படி நினைத்துப் பார்த்தேன், இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். வாசனை கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இல்லை" என்றேன். "அவர் வரவில்லை. அவர் செத்துப்போனார்."

அவர் போய் அத்தனை மாதத்தில் அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னது அப்போதுதான். 'போய்ட்டாவ', 'இல்லாம ஆயிட்டாவ' என்றுதான் சொல்லியிருந்தேன்.

"பின்னே இலை?"

"பிள்ளை அழும்னு போட்டேன். விளையாட்டுக்கு."

ஜட்ஜி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கூண்டைவிட்டு இறங்கினேன். வாசனை போய்விட்டிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் நின்றேன். அத்தான் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ள, நெசமாவே வாறானா?"

நான் வராந்தாத் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு நாளும் வரல்ல. நானும் நடையில கட்டிலப் போட்டுட்டு இருந்து பாத்தேன். அதாக்கும் அந்தக் குறிகாரிய வரவழச்சேன். அவ பொய் சொல்லுகான்னு எனக்கும் தோணிச்சு. அவனுக்கக் கொரலக் கேட்டாப் போரும்னு இருந்தேன்."

அந்த நிமிஷத்தில் அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. சொல்லியிருக்கலாம். வருகிறார் அத்தான், ஒரு நாள் உச்சிக்கு வாங்க, உங்களுக்கும் இலை போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேஸ் முடியவில்லை, அவர் எதிர்க்கட்சி. "இல்ல அத்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே உத்தரவு சொன்னார்கள். பிள்ளையின் சரீரத்துக்கு நான். வஸ்துவுக்குப் பெரியப்பா, வருஷா வருஷம் கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டும். என் அப்பாவுக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: அத்தான் அந்தத் தோப்பையும் வயலையும் தன்னுடையதைவிட நன்றாகப் பார்த்தார். பெண்ணுக்கு வயது வந்ததும் ஒரு குறைவில்லாமல் ஒப்படைத்தார். ஒப்படைத்துவிட்டு, சந்தையில் தன் தம்பி உட்கார்ந்த இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் கோர்ட்டில் நின்றேன். தாளில் நாலு வரி இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து அழுதிருப்போம். இதனால்தான் நான் கலியாண வீடுகளில் பாயசம் வாங்கிக் குடிக்கிறேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது பிள்ளை என் மடியில் உட்கார்ந்து வந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். தூக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் சோறு வடித்தேன். கோர்ட்டில் சொன்னது கோர்ட்டோடு, வீட்டில் வழக்கம் வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று இலை போட்டேன். அவருக்குப் பிடித்த புளிக்கறி வைத்திருந்தேன். உச்சி ஆயிற்று. தெருவில் வண்டி போயிற்று, பக்கத்து வீட்டில் உலக்கை விழுந்தது. தோர்த்து உதறும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அடுக்களை வாசலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புளிக்கறி மணம்தான் வந்தது.

பிள்ளை அவள் இலைமுன் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் சந்தையில வேல இருக்கும்" என்றேன். "நீ சாப்பிடு. அப்பா பைய வருவாவ."

"வரமாட்டாவ."

"ஏன் அப்படிச் சொல்லுத?"

"நீதான கோர்ட்டுல எல்லாருக்க முன்னயும் சொன்ன, அவ்வோ வரல்லன்னு. அப்பா கேட்டிருப்பாவல்லா?"

சொல்லிவிட்டு எழுந்து, அப்பாவுக்குப் போட்ட இலையைச் சோற்றோடு அவளே மடித்தாள். நான் தடுக்கவில்லை.